சென்சார் கருவிக்கு ஈவன்ட் முறையில் நிரல் எழுதுகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

டெலோஸ்பி போன்ற ஒரு வயர்லெஸ் சென்சார் கருவியில் இருப்பது 10 கிலோபைட் ரேம், 48 கிலோபைட் ஃபிளாஷ். ஒவ்வொரு வேலைக்கும் தனித் திரெட், தனி ஸ்டாக் என்று வாரி வழங்க அதில் இடம் கிடையாது. அதனால்தான் இத்தகைய கருவிகளுக்கான இயங்குதளங்களான டைனிஓஎஸ், கான்டிகி இரண்டுமே ஈவன்ட் முறையில் கட்டப்பட்டன. டைமர் அடித்தாலோ பாக்கெட் வந்தாலோ அதற்கான ஹேண்ட்லர், அதாவது அந்த ஈவன்ட்டைக் கவனிக்கும் ஃபங்க்ஷன், ஓடும்; வேலை முடிந்ததும் சிப் தூங்கும். கேட்க எளிதுதான். ஆனால் மேலிருந்து கீழாக வரிசையாய் எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது.

முதலில் மாட்டுவது ஹேண்ட்லருக்குள் காத்திருப்பது. டெலோஸ்பியில் வரும் சென்சிரியான் சென்சார் 14 பிட் வெப்பநிலை அளவைத் தர 200 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதுவரை ஒரு லூப்பில் சுற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 250 கிலோபிட் வேகத்தில் 127 பைட் ஃபிரேம் ஒன்று வந்து சேர 4 மில்லிசெகண்ட் போதும். ரேடியோவின் உள் பஃபர் 128 பைட்தான். இரண்டாவது ஃபிரேமுக்கே இடம் இருக்காது. அளவெடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். முடிந்தது என்ற ஈவன்ட் வரும்போது மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படித் தொடக்கத்தையும் முடிவையும் பிரித்து எழுதும்போது, என் பார்வையில் அதிகம் வதைக்கும் பக் ஒன்று நுழைகிறது. அனுப்பும் முன் 'பிஸி' என்ற கொடியை ஏற்றுகிறீர்கள்; அனுப்பி முடிந்த ஈவன்ட்டில் இறக்குகிறீர்கள். சரி, அனுப்பச் சொன்ன கணமே ரேடியோ 'முடியாது' என்று பிழை திருப்பினால்? டைனிஓஎஸ்ஸில் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றால் முடிவு ஈவன்ட்டும் வராது. கொடி ஏறியபடியே நிற்கும். எல்.இ.டி. ஒழுங்காகச் சிமிட்டும், டைமர் ஓடும், ஆனால் கருவியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வெளியே வராது. கோரிக்கை ஏற்கப்பட்டது என்று தெரிந்த பிறகே கொடியை ஏற்றுங்கள். அப்படியும் முடிவு வராமல் போனால் மீட்டெடுக்க ஒரு டைம்அவுட் வையுங்கள். இன்னொன்று: அனுப்பி முடிந்த ஈவன்ட் வரும்வரை அந்த பஃபர் உங்களுடையது அல்ல. அடுத்த அளவை அவசரமாக அதிலேயே எழுதினால் பாதி பழையது, பாதி புதியது என்று காற்றில் போகும்.

தனி ஸ்டாக் இல்லாமலே திரெட் போல எழுத உதவும் கான்டிகியின் புரோட்டோத்ரெட், பார்க்க வரிசை நிரல் போலவே இருக்கும். ஒன்றுக்கு 2 பைட் நினைவகமே போதும் என்பது உண்மையிலேயே அழகான தந்திரம். ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஃபங்க்ஷன் நிஜமாகவே திரும்பிப் போய்விடுகிறது. சாதாரண லோக்கல் மாறிகளும் கூடவே போய்விடும். காத்திருப்பைத் தாண்டி வாழ வேண்டியதை ஸ்டாட்டிக் ஆக்குங்கள். வழக்கமான அமலாக்கம் உள்ளே சி மொழியின் ஸ்விட்ச் கட்டளையைப் பயன்படுத்துவதால், உங்கள் ஸ்விட்ச்சுக்குள் காத்திருப்பு வைத்தால் நிரல் குழம்பும்.

இன்டரப்ட்டும் (ஓடும் நிரலை நிறுத்திவிட்டு நடுவே நுழையும் வன்பொருள் அழைப்பு) மெயின் லூப்பும் ஒரே மாறியைத் தொடும் இடத்தில், ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் வோலடைல் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 8 பிட் சிப்பில் 16 பிட் எண்ணைப் படிக்க இரண்டு தடவை போக வேண்டும். மதிப்பு 255 ஆக இருக்கும்போது கீழ் பைட்டைப் படித்தாயிற்று. அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்குகிறது. அப்புறம் மேல் பைட்டைப் படித்தால் கையில் கிடைப்பது 511. படிக்கும் அந்த நேரம் மட்டும் இன்டரப்ட்டை நிறுத்துங்கள்.

தூங்கப் போகும் வரியில்தான் இன்னும் நுட்பமான பொறி. 'வேலை ஏதும் இல்லை' என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறோம். பார்த்ததற்கும் தூங்குவதற்கும் நடுவே இன்டரப்ட் வந்து ஒரு வேலையை வைத்துவிட்டுப் போனால், வேலை வரிசையில் இருக்கும், சிப் உறங்கும். அடுத்த இன்டரப்ட் எப்போதோ அப்போதுதான் விடிவு. இன்டரப்ட்டை நிறுத்திவிட்டுச் சரிபார்த்து, திறப்பதையும் தூங்குவதையும் ஒரே கட்டளையில் செய்ய வேண்டும். டெலோஸ்பியின் சிப்பான எம்எஸ்பி430-இல் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் பிட்களை ஒன்றாக ஏற்றி இதைச் செய்யலாம். அதே சிப்பில் இன்டரப்ட் ரொட்டீன் முடிந்ததும் பழைய ஸ்டேட்டஸ் மீட்கப்படும், அதாவது சிப் மறுபடி தூங்கப் போய்விடும். மெயின் லூப் எழ வேண்டுமானால் சேமித்து வைத்த ஸ்டேட்டஸில் தூக்க பிட்களை அழிக்க வேண்டும்.

டைமர் கணக்கு சுருக்கமாக: 32,768 ஹெர்ட்ஸில் ஓடும் 16 பிட் கவுண்ட்டர் 2 செகண்டுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 'இப்போது' என்பது 'கெடு'வைவிடப் பெரிதா என்று ஒப்பிடாதீர்கள். இப்போதிலிருந்து தொடங்கிய நேரத்தைக் குறியில்லா எண்ணாகக் கழித்து, அது இடைவெளியை எட்டியதா என்று பாருங்கள்.

இவற்றைத் தேடும்போது ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் போடும் ஆசை வரும். 9600 பாடில் ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். 40 எழுத்து வரி ஒன்று போட்டால் நேரக் கணக்கே மாறி, பக் ஒளிந்துகொள்ளும். ஹேண்ட்லர் தொடங்கும்போது ஒரு காலி பின்னை உயர்த்தி, முடியும்போது இறக்கி, லாஜிக் அனலைசரில் பாருங்கள். எந்த ஹேண்ட்லர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது அதில் அப்படியே தெரிந்துவிடும்.