கல்லூரி சேர்க்கை: டெல்டா வீடுகள் அவசரத்தில் செய்யும் தவறுகள்

தை, மாசியில் சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும். பிளஸ் டூ முடிவு வருவது மே மாதம், பொறியியல் கலந்தாய்வு அதற்கும் பிறகு. நடுவில் ஜூனில் மேட்டூர் அணை திறந்துவிட்டால் குறுவைச் செலவு வந்து நிற்கும். "பணம் இருக்கும்போதே ஒரு சீட்டைப் போட்டுவைப்போம்" என்று அப்பாக்கள் நினைப்பதில் தப்பில்லை. ஆனால் பெரிய நஷ்டம் தொடங்குவது அங்கேதான்.

தேர்வு எழுதும் முன்பே வீடு தேடி வரும் ஏஜெண்டுகள் உண்டு. இப்போதே அட்வான்ஸ் கட்டினால் பஸ் இலவசம், அப்புறம் சீட் கிடைக்காது என்பார்கள். கட்டினால் கிடைப்பது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடம். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாக வாங்கும் இடத்துக்குத்தான். 7.5 சதவீத இட ஒதுக்கீடும் அப்படியே: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இந்தத் தகுதியுள்ள பிள்ளைக்கு நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் அப்படிப்பட்ட பழைய பள்ளிகள் நிறைய. இரண்டும் ஒன்றுதான் என்று கடைசிவரை நம்பியிருப்பவர்கள் உண்டு.

முடிவு வந்ததும் அதே ஆட்கள் ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழையும் டிசியையும் கேட்பார்கள். "இடம் உறுதியாகட்டும்" என்று சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகும் கல்லூரி ஒரிஜினலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமே தவிர, பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்துவிட்டது.

சரி, கலந்தாய்வுக்கே போகிறோம். அங்கே தடுமாற்றம் விருப்பப் பட்டியலில். கட்ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதை வைத்துப் போடும் தரவரிசையில் உங்கள் முறை வரும்போது, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுக்கும். அவ்வளவுதான். மனதில் இருப்பது செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி, ஆனால் "நமக்கெங்கே கிடைக்கும்" என்று அதை ஐந்தாவதாக எழுதி, நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை முதலில் போட்டால், முதலாவது கிடைத்த உடனே ஐந்தாவதைக் கணினி பார்க்கவே பார்க்காது. கிடைக்காத ஆசையை மேலே போடுவதால் கீழே உள்ள வாய்ப்பு ஒன்றும் குறையாது. ஆகவே பயத்தின் வரிசையில் எழுதாமல் ஆசையின் வரிசையில் எழுதுங்கள். ஏழெட்டு கல்லூரியோடு நிறுத்தினால் ஒன்றுமே கிடைக்காமல் அடுத்த சுற்றில் மிச்சத்தைப் பொறுக்க நேரும், தாராளமாக நீட்டுங்கள். ஆனால் கிடைத்தாலும் போகமாட்டோம் என்ற கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்க வேண்டாம். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும்.

பொறியியல் கலந்தாய்வு மட்டும்தான் சேர்க்கை என்ற நினைப்பும் மாற வேண்டும். திருவாரூர் அருகே நீலக்குடியில், 2009-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இளநிலை சேர க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. மத்திய அரசு நிறுவனமான தஞ்சாவூர் நிஃப்டெமில் பி.டெக் உணவுத் தொழில்நுட்பத்துக்கு ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு. இவற்றுக்கெல்லாம் பிளஸ் டூ முடிவுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் வேளாண் படிப்புக்கும் விண்ணப்பம் வேறு. அரசு கலைக் கல்லூரிக்கும் அப்படித்தான். 1854-இல் தொடங்கிய கும்பகோணம் கல்லூரி இருக்கும் ஊர்க்காரர்கள், பி.எஸ்சி. என்றால் மார்க் குறைந்த பிள்ளைக்கு என்று முகம் சுளிப்பது வேடிக்கைதான்.

உதவிபெறும் கல்லூரியில் சேர்பவர்கள், கிடைத்த இடம் உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாடம் ஒன்றே, கட்டணம் வேறு.

சான்றிதழ்களுக்கு முடிவு வரும்வரை காத்திருப்பது இன்னொரு தவறு. இ-சேவையில் போட்டால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று நகரும், ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். மத்திய நிறுவனங்களுக்கு நம் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் போதாது. ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டுக்குரியதாகக் கேட்பார்கள். ஆதாரிலும் டிசியிலும் இன்ஷியல் மாறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போடலாம், ஆனால் அவர்கள் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஓடிபியும் ஒதுக்கீட்டுத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் போகும். வீட்டில் எப்போதும் இருக்கும், ரீசார்ஜ் தீராத எண் ஒன்றைக் கொடுத்து, பாஸ்வேர்டைப் பிள்ளையின் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.