கை நடுக்கம் நின்றுவிட்டால் கடிகாரமும் சரியாகிவிட்டதா? டி.பி.எஸ். செய்தவர் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்குப் பார்கின்சன் நோய். மூளைக்குள் மின்முனை வைத்து, உடம்பில் பதித்த கருவியால் மின்தூண்டல் கொடுக்கும் டி.பி.எஸ். (ஆழ்மூளைத் தூண்டல்) அறுவை சிகிச்சை செய்து சில வாரங்களில் அவர் காபி டம்ளரைச் சிந்தாமல் பிடித்தார். வீட்டில் அன்று எல்லோரும் அழுதோம். என் முதல் தவறும் அன்றுதான் தொடங்கியது. கை சரியாகிவிட்டது, இனி எல்லாமே சரியாகிவிடும் என்று நம்பிவிட்டேன்.

குளிக்கப் போவார். இருபது நிமிடம் கழித்துக் கதவைத் தட்டினால், "இப்பதானேம்மா உள்ள வந்தேன், அதுக்குள்ள என்ன?" என்பார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று ஒரு நாள் கோபப்படுவேன். மறதி வந்துவிட்டதோ என்று இன்னொரு நாள் பயப்படுவேன். பார்கின்சன் நோய் நேர உணர்வையும் தொடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. டோபமின் என்ற மூளை ரசாயனம் குறைவதால் தடுமாறும் பேசல் கேங்லியா என்ற மூளைப் பகுதி, கைகால் அசைவோடு நிற்பதில்லை. விநாடிகளைக் கணக்கு வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

1998-இல் சியாரா மலபானியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. நோயாளிகளுக்கு 8 விநாடி, 21 விநாடி என்று இரண்டு இடைவெளிகளைப் பழக்கினார்கள். பிறகு அதே அளவைத் திரும்பக் காட்டச் சொன்னார்கள். மாத்திரை இல்லாத நிலையில் 8 நீண்டுபோனது, 21 சுருங்கிப்போனது. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. 2004-இல் ஜியாகோமோ கோச் குழுவினர் டி.பி.எஸ். செய்தவர்களிடம் இதுபோன்ற சோதனையைச் செய்தார்கள். தூண்டல் ஓடும்போது இந்தக் கோளாறு குறைந்தது.

இதைப் படித்ததும் அடுத்த தவறு. 'அப்படியானால் கருவியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதுமே!' என்று தோன்றியது. தோன்றக்கூடாது. அந்த ஆய்வுகள் அளந்தவை விநாடிகள். குளியலறையில் போகும் இருபது நிமிடத்தை அதோடு நேராகப் பொருத்த முடியாது. பொத்தான் போடவே நேரம் பிடிக்கும் உடம்பு அது, தாமதத்தில் பெரும்பங்கு அசைவு மெதுவானதாலேயே இருக்கலாம். தவிர, நேர உணர்வுக்காக யாரும் இந்த அறுவை சிகிச்சையைச் செய்வதில்லை. பெரும்பாலும் மொச்சைக்கொட்டையைவிடச் சிறிய சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற மூளைப் பகுதியில் மின்முனையை வைத்து, விநாடிக்கு 130 துடிப்புகள் அளவில் கொடுக்கிறார்கள். நடுக்கம், விறைப்பு, பேச்சு, நடை எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் அந்த அளவுகளை மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரிசெய்கிறார். ஒன்றைக் கூட்டினால் பேச்சு குழறலாம். வீட்டில் 'அணைத்துப் பார்ப்போமே' என்பது இன்னும் மோசம். தூண்டல் திடீரென நின்றால் விறைப்பு மூர்க்கமாகத் திரும்பலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

நானே வீட்டில் ஒரு சோதனை செய்தேன். போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் ஆனதும் சொல்லுங்கப்பா" என்றேன். அவர் உதட்டுக்குள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணினால் நேர உணர்வு தெரியாது, எண்ணும் வேகம்தான் தெரியும். மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆனது என்றும் நான் குறித்துவைக்கவில்லை. மருந்து வேலை செய்யும் 'ஆன்' நேரத்தில் ஒரு நாளும், விட்டுப்போன 'ஆஃப்' நேரத்தில் மறுநாளும் பார்த்துவிட்டு 'மோசமாகிவிட்டது' என்று பதறுவதில் பொருளே இல்லை. நியூராலஜிஸ்டிடம் சொல்ல விரும்பினால் தேதி, மாத்திரை நேரம், நடந்தது என்ன என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அவருக்கு அது உண்மையாகவே உதவும்.

மாத்திரையில் மட்டும் ஒருபோதும் 'உள் கடிகாரத்தை' நம்ப வேண்டாம். "இப்பதான் போட்டேன்" என்பார், மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அலாரம் வையுங்கள், பெட்டியில் வேளைக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். டி.பி.எஸ்-க்குப் பிறகு லெவோடோபா (டோபமின் குறைவை ஈடுகட்டும் மாத்திரை) அளவு பலருக்குக் குறையும். ஆனால் அது மருத்துவர் படிப்படியாகக் குறைப்பது. கை நன்றாக இருக்கிறதே என்று நாமே சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரலாம்.

அறுவை முடிந்த உடனேயே, கருவியை இயக்குவதற்கு முன்பே, சிலருக்கு நடுக்கம் குறையும். மின்முனை உள்ளே போனதால் மட்டும் வரும் தற்காலிக மாற்றம் அது. சில வாரங்களில் கரைந்துவிடும். நடுக்கம் திரும்புவதைப் பார்த்து 'ஆபரேஷன் தோல்வி' என்று அழாதீர்கள்.

எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. மருத்துவர் கேள்வி கேட்பார். அப்பா பேச வாயெடுப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். எனக்கு நீளமாகத் தெரிந்த அந்த இடைவெளி அவருக்கு நீளமே இல்லை. இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு பத்து விநாடி காத்திருக்கிறேன். பெரும்பாலும் ஏழாவது விநாடியில் பேசிவிடுகிறார்.

அப்புறம், தண்ணீர். அப்பா சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீந்தியவர். 2019-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், டி.பி.எஸ்-க்குப் பிறகு நடக்கவும் வேலை செய்யவும் நன்றாகவே தேறியவர்கள். ஆனால் நீந்த முடியவில்லை. அவர்களில் ஒருவர் உடம்பு தேறிவிட்ட தைரியத்தில் ஏரியில் குதித்துவிட்டார். கூட இருந்தவர் காப்பாற்றாவிட்டால் மூழ்கியிருப்பார். ஊருக்குப் போனால் அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்து காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். நான் பக்கத்திலேயே இருப்பேன்.