மாற்றுத்திறன் இளைஞர்களுக்கான இணையதளம்: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறப்புப் பள்ளிகளுக்கும், மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் அமைப்புகளுக்கும் பல வருடமாக இணையதளம் செய்து கொடுத்து வருகிறேன். போன மாதம் இந்த வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் தங்கள் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். முகப்பின் நிறம், லோகோ, ஸ்லைடர் எல்லாம் முடிவாகியிருந்தது. நோட்டீஸை யார் டைப் அடிப்பார்கள், எதில் அடிப்பார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நானும் சறுக்கியது அதே இடத்தில்தான்.

படத்துக்கு விளக்கம் எழுதுவது, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வைப்பது போன்றவை எல்லா வழிகாட்டியிலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுத்துரு என்னவென்று கேட்காமல் தொடங்குவது

ஒரு தொழிற்பயிற்சி மையத்துக்குத் தளம் செய்தேன். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் இலவச ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ-வில் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுச் சரிபார்த்தேன். ஆனால் நான் கேட்டதெல்லாம் தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் யூனிகோடு முறையில் நானே அடித்த பக்கங்கள். இரண்டு மாதம் கழித்து மையத்தில் சேர்க்கை அறிவிப்பு போட்டார்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப். பார்த்தால் அச்சடித்த மாதிரி சுத்தமான தமிழ்.

பார்வையற்ற ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, அறிவிப்பு வந்திருக்குன்னு சொன்னாங்க. திறந்தா ஜே, கே, பி, ஓன்னு என்னவோ இங்கிலீஷ் எழுத்தா வருது."

பாமினியில் 'தமிழ்' என்று வர ஜே, கே, பி, ஓ, அப்புறம் அரைப்புள்ளி ஆகிய விசைகளைத் தட்ட வேண்டும். கோப்பில் பதிவாவதும் அவைதான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவே. ஸ்கிரீன் ரீடருக்கு அந்தப் போர்வை தெரியாது, அடியில் இருப்பதைப் படிக்கும். அவர் கூப்பிட்டபோது கடைசித் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவரைப் போன்றவர்களுக்காகவே நடக்கும் மையம் அது. இன்றும் நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அடுத்த அறிவிப்பை அச்சிட்டு, போனில் படம் எடுத்து ஏற்றினார்கள். அது இன்னும் மோசம். படம் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் கேட்காது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற எனக்கு ஏழு வாரம் போனது. எழுத்துருவை மாற்றும் மென்பொருள் விட்ட பிழைகளை வரி வரியாகப் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது.

ஆகவே முதல் சந்திப்பிலேயே, அவர்கள் கடைசியாகப் போட்ட நோட்டீஸின் மூலக் கோப்பை வாங்குங்கள். ஒரு வரியை நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் சரி. ஆங்கில எழுத்தாக விழுந்தால், மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அங்கே டைப் அடிப்பவரோடு உட்காருங்கள். தமிழ்99 என்ற வேறு விசை அமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவரை வதைக்க வேண்டாம். பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடு எழுத என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விரல் பழக்கம் அப்படியே இருக்கும், பதிவாகும் எழுத்து மட்டும் மாறும். பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் ஓடாது. நோட்டீஸை வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ அடிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, செய்தியைப் பக்கத்திலேயே எழுத்தாகப் போட்டுவிடுவது.

பக்கத்தின் மொழியைக் குறிக்காமல் விடுவது

பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை அதன் நிரலில் (lang) குறிக்க வேண்டும். பல டெம்ப்ளேட்களில் அது ஆங்கிலம் என்றே இருக்கும். தமிழ் என்று மாற்றுங்கள்.

காது கேளாதவர்கள் படித்துக்கொள்வார்கள் என்று நினைப்பது

பிறவியிலேயே காது கேளாத பலருக்கு இந்திய சைகை மொழிதான் இயல்பாக வருவது. எழுத்துத் தமிழ் அவர்கள் பிறகு கற்றுக்கொண்ட வேறு மொழி, நீண்ட வாக்கியம் சிரமம் தரும். சேர்க்கை, உதவித்தொகை, விடுதி ஆகிய மூன்று பக்கங்களுக்காவது சைகை மொழி வீடியோ வேண்டும். அதற்கான பணத்தை முதல் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். தளம் முடிந்த பிறகு அதற்கென்று யாரும் பணம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

மவுஸ் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதது

மவுஸைக் கழற்றுங்கள். விசைப்பலகையை மட்டும் வைத்து, டேப் விசையால் நகர்ந்து விண்ணப்பத்தை அனுப்பிப் பாருங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பலர் அப்படித்தான் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

எழுத்தைப் பெரிதாக்கும் பட்டனை நம்புவது

அது மட்டும் போதாது.

இளைஞர்களைக் கடைசியில் அழைப்பது

பெரும்பாலும் பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பயன்படுத்தப்போகும் பிள்ளைகள் திறப்பு விழாவில்தான் தளத்தை முதல்முறை தொடுகிறார்கள். வரைவு நிலையிலேயே நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, அவரவர் போனிலேயே பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள்.

அன்று போன் செய்த தம்பிக்கு இப்போது அந்த மையம் மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. எந்த அறிவிப்பும் அவர் காதால் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் தளத்தில் ஏறுகிறது. போன வாரம்கூட ஒன்றைத் திருப்பி அனுப்பினார். எல்லாம் ஒழுங்காகப் படித்தது, கடைசித் தேதி மட்டும் படத்துக்குள் இருந்தது.