யாழ்ப்பாணம் – கண்டி: வானுக்குள் பிள்ளைகளைச் சமாளிப்பது எப்படி?

ஓகஸ்ட் லீவுக்கு வான் பிடித்துக் கண்டி, நுவரெலியா பக்கம் போகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 320 கிலோமீற்றர். சாப்பாடு கட்டுவது, உடுப்பு அடுக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுகிறேன்.

படி 1: மாங்குளம் வரை போன் இல்லை

விடியப் புறப்படும்போது பிள்ளைகள் உற்சாகமாக இருப்பார்கள். அந்த நேரத்திலேயே போனைக் கொடுத்தால் பளை வருவதற்குள் அதுவும் சலித்துவிடும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீரேரி, உப்பளம். அந்த இடத்தில் அம்மம்மாவிடம் போர்க்காலத்தில் இந்தப் பாதை அடைபட்டிருந்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பிறகு கிளிநொச்சி வரை உங்களுக்கு வேலை இல்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கோதோடு வறுத்த கச்சான் வாங்குங்கள். உடைத்த கச்சான் வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு வேலை கொடுப்பதே அந்தக் கோதுதான். கோது போட ஒரு வெறும் பை மறக்காதீர்கள்.

படி 2: கட்டை விளையாட்டு

ஏ9இன் தூரக் கற்கள், அதாவது கட்டைகள், கண்டியிலிருந்து எண்ணப்படுபவை. ஆகவே நாங்கள் போகப் போக எண் குறையும். ‘மாங்குளச் சந்தியில் என்ன எண் இருக்கும்?’ என்று ஆளுக்கொரு எண் சொல்லச் சொல்லுங்கள், கிட்ட வந்தவருக்கு ஜன்னல் சீற். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஒரு இடத்துக்கே பெயர். அது பழைய மைல் கணக்கு. 155ஐ 1.6 ஆல் பெருக்கி, வெளியே தெரிகிற கிலோமீற்றர் கல்லோடு ஒப்பிடச் சொன்னால் பெரிய பிள்ளைக்கும் வேலை வந்துவிடும்.

சின்னவர்களுக்கு நம்பர் பிளேட். என்.பி என்றால் வடக்கு, என்.சி வடமத்தி, சி.பி மத்தி. ஒன்பது மாகாணத்தையும் முதலில் பிடிப்பவர் வெற்றி. புது வாகனங்கள் சிலவற்றில் மாகாண எழுத்து இருக்காது, அவை கணக்கில் இல்லை.

சீட்டுக்கட்டு வேண்டாம். 304 விளையாட எல்லாருக்கும் ஆசைதான், ஆனால் ஓடுகிற வானில் சீட்டு சீற்றுக்குக் கீழேதான் கிடக்கும். தங்குமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: படங்களை இறக்கி வைப்பது (இதைக் கவனமாக வாசியுங்கள்)

மாங்குளம் தாண்டினால் வவுனியா வரை பெரும்பாலும் காடு. போன் கொடுக்க வேண்டிய இடம் இதுதான், சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடமும் இதுதான். ‘டவுன்லோட் ஆகிவிட்டது’ என்று திரையில் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். சில செயலிகள் படத்தைத் திறக்கும்போது இணையத்தைத் தேடும். சிலவற்றில் இறக்கிய படத்துக்குக் காலக்கெடு உண்டு. ஆகவே முதல்நாள் இரவு:

1. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
2. செயலியை முழுதாக மூடித் திரும்பத் திறவுங்கள்.
3. ஒவ்வொரு படத்தையும் தொடக்கத்திலும் நடுவிலும் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஓடாததை அழித்துத் திரும்ப இறக்குங்கள். என்னைக் கேட்டால் மெமரி கார்டில் சாதாரண வீடியோ கோப்பாக நாலைந்து போட்டு வைப்பதுதான் நிம்மதி. எந்த அனுமதியும் கேட்காமல் ஓடும். இயர்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் சார்ஜ் தீர்ந்தால் அழுகைதான்.

படி 4: தம்புள்ளையில் போனைத் திரும்ப வாங்குங்கள்

மாத்தளைக்குக் கிட்ட வளைவுகள் தொடங்கும். கண் அசையாத திரையைப் பார்க்க, காது வான் திரும்புவதை உணர, இரண்டும் ஒத்துவராததால்தான் சத்தி வருகிறது. தூரத்தே பார்க்கவைக்கிற விளையாட்டுத்தான் இங்கே சரி. ‘முதலில் மலையைக் கண்டவர் யார்?’ போதும். இல்லையென்றால் நொடி (விடுகதை) போடுங்கள், அதற்குக் கண்ணே தேவையில்லை. மணந்து பார்க்க ஒரு தேசிக்காய் கையில் இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: றெயினில் போகிறவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கட்டை விளையாட்டு அங்கே சரிவராது. பதிலுக்கு ஸ்ரேசன் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன, மூன்று மொழியிலும். தமிழ்ப் பெயரை வைத்துச் சிங்கள எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாங்குளத்தில் ‘ம’வைப் பிடித்தால் மதவாச்சியிலும் மாகோவிலும் அதே எழுத்தைத் தேடலாம். கடுகதியில் எல்லா ஸ்ரேசனிலும் நிற்காது, பலகை பறந்துவிடும். ஆகவே நிற்கிற இடங்களின் பெயரை மட்டும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.