அறமா, நீதியா, நியாயமா? பொருத்தமான சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு செய்முறை

‘கடைக்காரர் நீதியான விலை சொன்னார்.’ எழுதிப் பழகும் ஒருவரின் கட்டுரையில் இருந்த வரி இது. இலக்கணப் பிழை இல்லை, பொருளும் புரிகிறது. ஆனாலும் காதுக்கு உறுத்துகிறது. விலைக்கு நியாயம்தான் பொருந்தும். ரேஷன் கடைக்கே நியாய விலைக் கடை என்றுதான் பெயர். அகராதியைப் புரட்டினால் நீதிக்கு நியாயம், நியாயத்துக்கு நீதி, இரண்டுக்கும் அறம் என்று சுற்றிச் சுற்றி வருவோம். அதனால் இங்கே அகராதியை ஓரமாக வைத்துவிட்டு வேறு வழியில் போகலாம்.

படி 1: ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

சம்பவம் சாதாரணமாக இருக்கட்டும். ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்கிறார், அட்வான்ஸ் பணம் திரும்ப வரவேண்டும். இதை வைத்து ஒவ்வொரு சொல்லையும் பார்ப்போம்.

வெள்ளையடிக்க எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசுகிறார்கள். ‘ரெண்டு வருஷம்தானே இருந்தேன், ஒரு மாத வாடகையைப் பிடிப்பது நியாயமா?’ இங்கே நியாயம். இரண்டு தரப்பு இருக்கிறது, நடுவில் ஓர் அளவு இருக்கிறது. இருவரும் ஒத்துக்கொள்ளும் புள்ளியைத் தேடுகிறார்கள்.

பத்தாம் தேதி பணம் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்கிறார். பத்தாம் தேதி காலையில் பணம் வந்துவிடுகிறது. ‘நாணயமான மனுஷர்.’ கொடுக்கல் வாங்கலில் சொன்ன சொல் தவறாதவரைத்தான் அப்படிச் சொல்வோம். கையில் புழங்கும் காசுக்கும் இந்தக் குணத்துக்கும் தமிழில் ஒரே சொல்.

குளியலறைக் குழாயை உடைத்தது குடியிருந்தவர்தான், ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ‘அது என் கையால்தான் உடைந்தது, அந்தப் பணத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று தானாகச் சொல்கிறார். இது நேர்மை. சொல்லுக்குள்ளேயே ‘நேர்’ இருக்கிறது: உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று வளையாமல் இருப்பது.

பணமே வரவில்லை, வழக்குப் போடுகிறார் என்றால் அப்போதுதான் நீதி உள்ளே வருகிறது. அதை வழங்க மூன்றாவதாக ஒருவர், அதிகாரத்தோடு, மேலே இருக்கவேண்டும்.

கடைசியாக இன்னொரு காட்சி. குடியிருந்தவருக்கு வேலை போய்விட்டது, அதனால்தான் ஊருக்குத் திரும்புகிறார். ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு ஒப்பந்தப்படி உரிமை உண்டு. பிடித்தால் அது நியாயம்தான், யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனாலும் முழுத் தொகையையும் கையில் கொடுத்து அனுப்புகிறார். இதற்குத்தான் அறம் என்ற சொல்லை எடுத்து வைத்திருக்கிறோம். இங்கே யாரும் கேட்கவில்லை, சாட்சியும் இல்லை. ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்’ என்று குறள் சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஒழுக்கம் எங்கே என்று கேட்பீர்கள். இந்தச் சம்பவத்தில் அதற்கு இடமே இல்லை. எவ்வளவு முயன்று நுழைத்தாலும் ஒட்டாது. ஒரு சொல் எங்கே ஒட்டவில்லை என்று தெரிந்துகொள்வதும் பாடத்தில் பாதி.

படி 2: கூடவே வரும் வினைச்சொல்லைப் பாருங்கள்

எனக்குக் குழப்பம் வந்தால் முதலில் செய்வது இதைத்தான். நீதியை வழங்குவார்கள், அது கிடைக்கும் அல்லது மறுக்கப்படும். நியாயத்தைப் பேசுவார்கள், எடுத்துச் சொல்வார்கள். ஒழுக்கத்தைப் பேணுவார்கள், அறத்தைச் செய்வார்கள். ‘நேர்மை வழங்கப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள், உடனே பல்லில் கல் பட்டதுபோல் இருக்கும். நேர்மையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

‘கேள்’ மட்டும் இரண்டு சொற்களோடும் சேரும். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டால் நேரே போய் நியாயம் கேட்போம். கணவனை இழந்த கண்ணகி பாண்டியன் அவைக்குப் போனது நீதி கேட்க. அங்கே ‘நியாயம் கேட்டாள்’ என்று எழுதினால் கதையின் எடையே குறைந்துபோகும்.

படி 3: எதிர்ச்சொல்லை வைத்து எடைபோடுங்கள்

தக்காளி கிலோ நூறு ரூபாய் என்றால் ‘என்ன அநியாயம்!’ என்கிறோம். ‘அநியாயத்துக்கு நல்லவர்’ என்று ஒருவரைப் பாராட்டக்கூடச் செய்கிறோம். அவ்வளவு புழங்கி, அளவுக்கு மீறியது எதற்கும் பொருந்தும்படி லேசாகிவிட்டது அந்தச் சொல். அநீதி அப்படி லேசாகவில்லை. சாதியைக் கேட்டு ஒருவருக்கு வாடகை வீடு மறுக்கிறார்கள் என்றால் அதை அநீதி என்றுதான் எழுதவேண்டும். அநியாயம் என்று எழுதினால் தக்காளி விலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். சமூகநீதி என்று நாம் சொல்வதன் கனமும் இதிலிருந்து வருவதுதான்.

நீதி, நியாயம் இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவை. இந்தியில் அவை வேறு வழியில் போய்விட்டன. அங்கே நீதிமன்றம் ‘ந்யாயாலய’, ‘நீதி’ என்றாலோ கொள்கை. ‘நிதி ஆயோக்’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதும் அமைப்பின் பெயரில் இருப்பது அந்த ‘நீதி’தான், பணத்தைக் குறிக்கும் நிதி இல்லை. எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு சொல்லின் பொருளை முடிவுசெய்யாதீர்கள். நம் மொழியில் அது எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள்.

தர்மமும் அப்படித்தான். அறத்துக்கு நிகரான வடசொல் என்று சொல்வார்கள். ஆனால் தமிழ்ப் பேச்சில் அது ‘காசு வாங்காமல் கொடுப்பது’ என்ற பக்கம் சாய்ந்துவிட்டது: தர்மம் போடு, தர்ம ஆஸ்பத்திரி, கூட்டத்தில் சிக்கினால் விழும் தர்ம அடி. அறத்துக்கும் கொடைப் பொருள் உண்டு. அறக்கட்டளை, அறநிலையத் துறை எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் பழைய தமிழ் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. புறநானூற்றின் 134ஆம் பாட்டில் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, இப்பிறவியில் செய்தது மறுபிறவிக்கு உதவும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் ‘அறவிலை வணிகன்’ அல்லன் இவன் என்கிறார். புண்ணியக் கணக்கு வந்துவிட்டால் கொடையும் வியாபாரம்தான் என்கிறது பாட்டு. எனக்கு மிகவும் பிடித்த வரி.

படி 4: எந்தக் காலத்து எழுத்து என்று பாருங்கள்

ஒழுக்கம் இங்கேதான் காலை வாரும். ஒழுகு என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. ஒருவர் நடந்துகொள்ளும் விதம் என்பதுதான் அடிப்படைப் பொருள். அதனால்தான் வள்ளுவர் ‘நல்லொழுக்கம்’ என்றும் ‘தீயொழுக்கம்’ என்றும் பிரித்துச் சொல்ல முடிந்தது. காதலைப் பாடும் பழைய பாட்டுகளுக்கான அக இலக்கணத்தில் களவொழுக்கம் என்றால் காதலர் யாருக்கும் தெரியாமல் பழகுவது, அவ்வளவுதான். பழியும் இல்லை, பாராட்டும் இல்லை. இன்று அந்தச் சொல் சுருங்கிவிட்டது, அதிலும் பெண்கள்மேல் வீசுகிற கல்லாகவே பல நேரம் பயன்படுகிறது. ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘ஒழுக்கம்’ என்று கை போனால் நிறுத்தி யோசியுங்கள். நேரம் தவறாதவரா, குடிக்காதவரா, பொய் சொல்லாதவரா? எது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

அறமும் பழைய நூல்களில் எதிர்பாராத இடத்தில் வரும். தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு, அதாவது வளர்ப்புத் தாய்க்கு, சொல்லிவிடுவதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். வேறு யாருக்கோ மணம் பேசிவிடும் முன் உண்மையைச் சொல்லிவிடுவதே அங்கே அறம்.

இப்போது நீங்கள் செய்து பாருங்கள்

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. ஆட்டோவில் கிடந்த பணப்பையை ஓட்டுநர் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அவருடைய ______ பாராட்டுக்குரியது.
2. இருவர் சண்டையில் அண்ணன் பக்கமும் ______ இருக்கிறது, தம்பி பக்கமும் இருக்கிறது.
3. இருபது ஆண்டு வழக்காடியும் அந்தக் குடும்பத்துக்கு ______ கிடைக்கவில்லை.
4. அவரிடம் கடன் கொடுக்கலாம், ______ தவறமாட்டார்.

முதலாவதற்கு நேர்மை, நான்காவதற்கு நாணயம். மூன்றாவது நீதி என்பதை ‘கிடைக்கவில்லை’ என்ற வினையே காட்டிக்கொடுக்கும். இரண்டாவதில் நியாயத்தை எடுத்துவிட்டு நீதியைப் போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நியாயம் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம், நீதியை அப்படிப் பங்கு போட முடியாது.