செட்டிநாட்டு வீடுகளின் அழகையும் சிதைவையும் படமெடுக்க: தொடங்குவோருக்கான செய்முறை

காரைக்குடி வட்டாரத்துக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைப் படங்களோடு திரும்புகிறார்கள். ஒன்று ஆத்தங்குடிக் கல் பதித்த பளபளப்பான தரை. மற்றொன்று துருப்பிடித்த பூட்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் ஈட்டிய பொருளால் எழுந்த வீடுகள் இவை. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது அந்த வருவாய் பேரடி வாங்கியது. பின்னர் தலைமுறைகள் பெருகி, ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலராகி, பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியிலேயே பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. செழிப்பும் சிதைவும் ஒரே கதையாகத் தெரியும்படி எடுப்பதற்கான வழியைக் கீழே தருகிறேன். சாதாரணக் கைப்பேசியே போதும்.

படி 1: படமெடுக்காமல் ஒரு சுற்று நடங்கள்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என ஏதேனும் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பைப் பார்த்தபின் பின்தெருவுக்கும் போய் வாருங்கள். முகப்புக்கு வெள்ளையடித்திருக்கும் வீட்டில்கூடப் பின்கட்டு மதில் இடிந்திருக்கலாம்.

படி 2: கேட்டுவிட்டு நுழையுங்கள்

ஆளில்லாதது போல் தோன்றினாலும் இவை தனியார் வீடுகள். சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கிறார்கள்; மற்றவற்றில் காவலுக்கு இருப்பவரிடம் கேளுங்கள். பூசையறையையும் குடும்பப் படங்களையும் எடுக்கலாமா என்று தனியாகக் கேட்பது முறை.

படி 3: அழகுக்கும் சிதைவுக்கும் ஒரே ஒளி

முகப்பின் மேலுள்ள கஜலட்சுமி முதலான சுதை உருவங்கள் பக்கவாட்டு வெயிலில்தான் புடைத்துத் தெரியும். எனவே முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அறிந்து, காலையிலோ மாலையிலோ வெயில் அதன்மேல் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். நல்ல சுவரை மாலைப் பொன்னொளியிலும் இடிந்த சுவரை மந்தாரத்திலும் எடுப்பது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும்; இடிபாட்டைப் பொன்னொளியில் மட்டுமே எடுத்து அழகாக்கிக் காட்டுவதும் அதே ஏமாற்றுத்தான் என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் எடுங்கள்.

படி 4: தூண்களை நிமிர்த்துங்கள்

கைப்பேசியில் கட்டக்கோடுகளை இயக்கிக்கொள்ளுங்கள். முழு வீடும் அடங்கவில்லை என்று 0.5 எக்ஸ் எனப்படும் அகலக்கோண லென்ஸுக்கு மாறினால் ஓரத் தூண்கள் இழுபட்டுத் தெரியும்; அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் பின்னால் சாய்வதுபோல் இருக்கும். எதிர்ச்சாரி வரை பின்வாங்கிக் கைப்பேசியை முன்னோ பின்னோ சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். தெரு குறுகலாக இருந்தால் முழு வீட்டை விட்டுவிட்டு, ஒரு தூணையும் அதையடுத்த திண்ணையையும் மட்டும் எடுப்பதே நல்லது.

படி 5: வளவுக்குள் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துங்கள்

வளவு என்பது முற்றத்தைச் சுற்றி அமைந்த வீட்டின் உட்பகுதி; அதன் நடுவில் வானம் திறந்திருக்கும். சுற்றிலும் தாழ்வாரம் இருண்டிருக்கும். தானியங்கி முறையில் எடுத்தால் முற்றம் வெளிறிப்போகும், இல்லையேல் தேக்குத் தூண்கள் கரும்பட்டையாகும். திரையில் தெரியும் முற்றத்துத் தரையை விரலால் தொட்டு, பிரகாசத்தைச் சற்றே குறைத்து எடுத்து, இருண்ட பகுதியைப் பின்னர் எடிட்டிங்கில் தூக்கிவிடலாம். நேர்வெயில் முற்றத்தில் இறங்காத காலை நேரம் இதற்கு மிகவும் ஏற்றது.

படி 6: சிதைவின் காரணத்தைத் தேடுங்கள்

தொடங்குவோர் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். உதிர்ந்த சுவரை மட்டும் எடுத்தால் அது வெறும் கறையாகவே நிற்கும். அண்ணாந்து பாருங்கள்: அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓட்டில் சில நழுவியிருக்கும், அதன் நேர்கீழே ஓட்டைத் தாங்கும் கைமரம் கறுத்திருக்கும், அதற்கும் கீழே சுவரில் பச்சைப்பாசி ஒரு கோடாக இறங்கியிருக்கும். இம்மூன்றும் ஒரே சட்டகத்தில் அமையும்படி செங்குத்தாக ஒரு படம் எடுத்தால், மழை எந்த வழியாக வீட்டைத் தின்கிறது என்பது ஒரு வரி விளக்கமும் இன்றிப் புரிந்துவிடும். பிறகு நெருங்கிச் சென்று இன்னொரு படம் எடுங்கள். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்து மெருகேற்றிய பூச்சு பெயர்ந்த இடத்தில், அதன் விளிம்பையும் உள்ளே தெரியும் செங்கல்லையும் சேர்த்து எடுத்தால், எத்தனை அடுக்காகப் பூசியிருக்கிறார்கள் என்பது தெரியும். பெயராத பகுதி இன்னும் மின்னுவதால், கைத்திறனும் அழிவும் ஒரு சாண் இடைவெளிக்குள் பதிவாகின்றன. விரிசலில் முளைத்த அரசங்கன்று அழகாக இருக்கிறதென்று அதன் இலைகளை மட்டும் எடுக்காமல், வேர் பிளந்திருக்கும் சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: வீட்டுக்கு வெளியே

ஊருணியை எடுக்கும்போது படித்துறையோடு நிறுத்தாமல், நீர் வந்துசேரும் வரத்துக்கால் வரை நடந்து, அங்கே குப்பை அடைத்திருந்தால் அதையும் எடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இடித்த வீடுகளின் கதவுகளும் தூண்களும் விற்பனைக்கு நிற்கும். கடைக்காரரின் அனுமதியோடு ஒரு நிலைக்கதவை நேராக எடுத்து, ஊரில் அதே வேலைப்பாடுள்ள கதவு வாசலில் நிற்கும் படத்தின் பக்கத்தில் வையுங்கள்.

படி 8: வெளியிடுமுன்

நிறத்தை மிகையாக்க வேண்டாம்; மின்கம்பியையும் ஃபிளெக்ஸ் பேனரையும் அழிக்கவும் வேண்டாம். ஊர், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவைத்தால், மறுவருடம் அதே இடத்தில் நின்று எடுக்கும் படத்தோடு ஒப்பிடலாம். காவலில்லாத பூட்டிய வீடாக இருந்தால், கோப்பில் பதிவாகும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு, தெருப்பெயரும் குறிப்பிடாமல் வெளியிடுங்கள். கதவுக்கும் தூணுக்கும் விலை இருப்பதால் திருடவரும் ஆளுக்கு உங்கள் படமே வழிகாட்டியாகிவிடக் கூடும். அனுமதி தந்த வீட்டாருக்கு, ஓடு நழுவிய படத்தையும் சேர்த்து ஒரு பிரதி அனுப்புங்கள். வெளியூரில் இருக்கும் பங்காளிகள் பலர் தங்கள் கூரையை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்க மாட்டார்கள்.