மட் டயர்: நாலு வாங்கி ஸ்டெப்னியை விட்டவர்கள்

ஐப்பசி மழை தொடங்கியதும் சென்னையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய தம்பிகளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "அண்ணே, எந்த பிராண்ட் மட் டயர் போடலாம்?"

பிராண்டில் யாரும் பெரிதாக ஏமாறுவதில்லை. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து தொடங்கிய எம்ஆர்எஃப் முதல் ஒரகடம் அப்போலோ ஆலை வரை டயர்க்காரர்கள் சூழ்ந்த ஊர் இது. ஏமாறுவது வேறு இடங்களில். எங்கள் செட்டும் அதே பள்ளங்களில் விழுந்து எழுந்ததுதான் என்றாலும், வருஷா வருஷம் புதிதாக ஒருத்தர் விழும்போது எரிச்சல் வருகிறது. அலைன்மென்ட் பாருங்கள், காற்று செக் பண்ணுங்கள் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதை விடுகிறேன்.

பட்டன் பெரிதா என்று மட்டும் பார்ப்பது

டயரின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்கிறோம். சேற்றில் பட்டனைவிட, பட்டன்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குத்தான் வேலை அதிகம். மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்து வயல் களிமண் ஒட்டினால் விடாது. ரோடு, மண் இரண்டுக்கும் பொதுவான ஏடி (ஆல் டெரெய்ன்) டயரின் குறுகலான இடைவெளியை நாலு சுற்றிலேயே அடைத்துவிடும். அப்புறம் அது மொட்டை டயர்தான். வீல் சுற்றும், வண்டி நகராது. சேற்றுக்கென்றே செய்த எம்டி (மட் டெரெய்ன்) டயரில் இடைவெளி அகலம். கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துச் சுற்றவிட்டால் களியை வெளியே எறிந்துவிட்டு மறுபடி கடிக்கும்.

அதே இடைவெளி தார் ரோட்டில் வினை. ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. ஈரத்தில் பிடிமானம் தரும் மெல்லிய கீறல்களும் பெரும்பாலான எம்டி டயர்களில் சொற்பம். ஓஎம்ஆரில் மழை நேரத்தில் முன்னால் போகிற ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றால் அந்த வித்தியாசம் தெரியும். வாரம் ஐந்து நாள் சிறுசேரி ஆபீஸ், எப்போதாவது ஒரு ஞாயிறு சேறு என்கிறவருக்கு ஏடி போதும். இப்படிச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. எம்டி பார்க்க அவ்வளவு அழகு, என்ன செய்ய.

அகலம்

ஒரு சாண் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருந்தால் ஒல்லியான டயர் வெட்டி இறங்கி அதைப் பிடிக்கும். அடி தெரியாத உளையில்தான் அகல டயர் மிதந்து காப்பாற்றும். நம் பக்கத்து வண்டிப்பாதைகள் பெரும்பாலும் முதல் ரகம்.

நாலு புதுசு, ஸ்டெப்னி பழசு

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

கம்பெனி சைஸைவிடப் பெரிய டயர் வாங்கப் போவார்கள். பில்லைப் பார்த்ததும் மயக்கம் வரும். "ஸ்டெப்னிக்கு எதுக்குண்ணே புதுசு? பழசே புதுசாட்டம்தானே கிடக்கு" என்று கடையில் சொல்வார்கள். பெரிய டயர் பின்கதவில் சரியாக உட்காரவும் செய்யாது. ஆக நாலு மட்டும் மாறும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 245/75 ஆர்16 டயரின் உயரம் சுமார் 774 மில்லிமீட்டர். ஆசைப்பட்டு மாட்டுகிற 265/75 ஆர்16 சுமார் 804. முப்பது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குச் சின்னது ஏறத்தாழ 411 சுற்று சுற்றும், பெரியது 396. முன்னால் ஒரு பக்கம் மட்டும் சின்னது இருந்தால், இடது வலது வீல்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் அந்த வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கொடுக்கும். அப்படியும் முன் வீல்கள் கிலோமீட்டருக்கு ஏழெட்டு சுற்று கூடுதலாகச் சுற்றப் பார்க்கும்.

டூ வீலில், அதாவது பின் வீல்கள் மட்டும் இழுக்க, ஓட்டும்வரை இது பெரிய விஷயமில்லை. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா எல்லாம் பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டிகள், தேவைப்படும்போது மட்டும் நாலு வீலும் இழுக்கும். நாலு வீலும் இழுக்க லிவரை ஃபோர் ஹையில் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் ஏதோ ஒரு வீல் வழுக்கி அந்த ஏழெட்டுச் சுற்றைக் கழித்துவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லை. ஈரத்துணியை இரண்டு கையாலும் பிழிவதுபோல் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும்.

மேடவாக்கத்துத் தம்பி ஒருவருக்கு நடந்தது இதுதான். தெரிந்தவர் நிலத்தில் சேற்றில் ஓட்டும்போது, புதைந்துகிடந்த கருங்கல் முன் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. பழைய ஸ்டெப்னியை அங்கேயே மாட்டினார். தப்பில்லை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கிரிப் கிடைக்கட்டும் என்று தார் ரோட்டிலும் ஃபோர் ஹையிலேயே வந்தார். ஸ்டியரிங் இறுகியது, வளைவில் வண்டி விக்கியது. லிவரை டூ வீலுக்கு இழுத்தால் வரவில்லை. காலால் உதைத்திருக்கிறார்! அந்த நேரத்தில் நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்திருந்தால் முறுக்குத் தளர்ந்து லிவர் தானாக வந்திருக்கும். போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடைசியில் அந்த ஷாஃப்டுகளைப் பூட்டுகிற டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்த பில்லுக்கு ஐந்தாவது டயர் என்ன, ஒரு செட்டே வாங்கியிருக்கலாம்.

"நல்லவேளை, நான் சைஸ் மாத்தலை" என்று நிம்மதியாக உட்காரவும் வேண்டாம். புது எம்டி டயரின் பட்டன் ஆழம் 14 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். ஐந்துக்குத் தேய்ந்த டயரோடு சேர்த்தால் உயரத்தில் 18 மில்லிமீட்டர் வித்தியாசம். முன்னால் தேய்ந்த ரெண்டு, பின்னால் புதுசு ரெண்டு என்று போடுகிறவர்களுக்கு டிஃபரன்ஷியல்கூடப் பாதியாக்கித் தராது. அந்த வித்தியாசம் முழுதாக டிரான்ஸ்ஃபர் கேஸ் தலையில்தான்.

ஐந்தாக வாங்குங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுற்றில் மாற்றுங்கள். ஐந்துக்குக் காசில்லை என்றால் கம்பெனி சைஸிலேயே வாங்கி, பெரிய சைஸ் ஆசையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். வேறு வழியே இல்லாமல் பழைய ஸ்டெப்னி ஏறிவிட்டால், அதை இழுக்காத முன் வீலில் மாட்டி, டூ ஹையில் (டூ வீலில்) மெதுவாக வீடு வந்து சேருங்கள். வெடித்தது பின் டயர் என்றால், முன்னாலிருந்து ஒரு நல்ல டயரைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, காலியான இடத்தில் ஸ்டெப்னியைப் போடுங்கள். சேற்றில் இரண்டு தடவை ஜாக்கி வைப்பது நரகம்தான். வையுங்கள்.

கம்ப்ரஸர் இல்லாமல் மட் டயர் வாங்குவது

முதலில் காற்றடிக்கும் கம்ப்ரஸர். சேற்றுக்குக் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால்தான் டயர் பரந்து பிடிக்கும். இறக்கியதை ஏற்றாமல் ஹைவேயில் ஓட்டினால் சூடேறி வெடிக்கும்.

வேளச்சேரி வெள்ளத்துக்காக வாங்குவது

வேண்டாம். தண்ணீரில் வண்டி நின்றுபோவதைத் தீர்மானிப்பது டயரல்ல, எஞ்சின் காற்று இழுக்கிற ஏர் இன்டேக்கின் உயரம். மேம்பாலத்தில் இடம் பிடிக்கிற வழியைப் பாருங்கள்.

தேதி பார்க்காதது

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ம் ஆண்டின் 35-வது வாரம். ஐந்து டயரிலும் பாருங்கள். நாலு புதுசோடு ஒரு பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுகிற கடைகள் உண்டு.